விடுதி உணவுக்கழிவுக்கு எந்த வழி: சருகுக் குவியலா, மண்புழுவா, எரிவாயுக் கலனா, உலர்த்தும் இயந்திரமா?

கல்லூரி விடுதியில் மிஞ்சும் உணவை என்ன செய்வது என்று கேட்பவர்கள் பெரும்பாலும் நான்கு வழிகளுக்கு நடுவில் நிற்கிறார்கள்: சருகோடு சேர்த்து மக்கவைப்பது, மண்புழு உரம், எரிவாயுக் கலன், மின்சாரத்தில் ஓடும் உலர்த்தும் இயந்திரம். நான்குக்கும் விற்பனைத் தாள்கள் பளபளப்பாகவே இருக்கும். ஒரு விஷயம் மட்டும் எந்தத் தாளிலும் இருக்காது. கல்லூரிக்கு ஆண்டில் இரண்டு மூன்று முறை நீண்ட விடுமுறை உண்டு. கழிவைத் தின்னும் நுண்ணுயிருக்கும் புழுவுக்கும் விடுமுறை கிடையாது. உணவகத்துக்குச் சரியாக வரும் கணக்கு வளாகத்தில் பிசகுவது இங்கேதான்.

கீழே உள்ள கணக்குகளெல்லாம் நாளுக்கு 100 கிலோ உணவுக்கழிவு என்று வைத்துப் போட்டவை. உங்களிடம் 40 கிலோ சேர்ந்தாலும் 300 கிலோ சேர்ந்தாலும் அதே விகிதத்தில் மாற்றிக்கொள்ளுங்கள்.

## எதையும் வாங்குமுன் எடை போடுங்கள்

ஏழு நாள், மூன்று வாளி, ஒரு தராசு போதும். முதல் வாளியில் காய்கறித் தோல், தண்டு முதலிய சமைக்காத கழிவு. இரண்டாவதில் சமைத்துப் பரிமாறாமலே மிஞ்சியது. மூன்றாவதில் சாப்பிட்டவர்கள் தட்டில் விட்டுப்போனது. ஒவ்வொரு வேளை முடிந்ததும் மூன்றையும் தனித்தனியே எடைபோட்டு எழுதுங்கள். சாதாரண வாரம் ஒன்று, தேர்வு வாரம் ஒன்று என இரண்டு முறை செய்தால் ஏற்ற இறக்கம் தெரிந்துவிடும்.

இரண்டாவது வாளி கனமாக இருந்தால் உங்களுக்கு இப்போதைக்குக் கழிவு நிலையமே தேவையில்லை. எத்தனை பேர் சாப்பிட வருவார்கள் என்று முதல்நாளே கேட்டு அளவைக் குறைத்துச் சமையுங்கள். மூன்றாவது கனமாக இருந்தால் பரிமாறும் கரண்டியைச் சிறிதாக்கி, வேண்டுமென்றால் மறுமுறை வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லிப் பாருங்கள். இவை குறைந்த பிறகு வரும் எடைக்குத்தான் நிலையம் கட்டவேண்டும். 150 கிலோவுக்குக் கலன் கட்டிவிட்டு அதை நிரப்புவதற்காகவே வீணாக்கலைக் கண்டுகொள்ளாமல் விடும் வளாகங்கள் உண்டு. அதற்குப் பசுமைத் திட்டம் என்று பெயர்ப்பலகை வேறு.

## எதை வைத்து ஒப்பிடுவது

விலையை முதலில் பார்க்க வேண்டாம். இந்த ஆறு கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். இரண்டு வழிகள் தாமாகவே கழன்றுவிடும்.

1. கழிவில் சமைத்த உணவு எவ்வளவு? உப்பும் எண்ணெயும் எலும்பும் கலந்திருக்கிறதா?
2. வளாகத்தில் காய்ந்த சருகு கிடைக்குமா? ஆண்டு முழுவதும் கிடைக்குமா, ஓரிரு மாதம் மட்டுமா?
3. விடுமுறை எத்தனை வாரம்? அப்போது வளாகத்தில் யார் இருப்பார்கள்?
4. நாள்தோறும் ஒன்றிரண்டு மணி நேரம் இதற்கென்றே ஒதுக்கும் சம்பள ஊழியர் உண்டா? மாணவர் தன்னார்வக் குழுவை இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். தேர்வு வந்தால் குழு கலைந்துவிடும், கழிவு கலையாது.
5. விடுதி ஜன்னல்களுக்கும் நிலையத்துக்கும் எவ்வளவு தூரம்? காற்று எந்தப் பக்கம் வீசுகிறது?
6. வெளிவரும் உரத்தையோ கரைசலையோ போட நிலம் இருக்கிறதா?

## சருகோடு மக்கவைத்தல்

கழிவையும் சருகையும் கலந்து குவித்தால் நுண்ணுயிர்கள் அதைத் தின்னும்போது சூடு பிறக்கும். குவியல் 55 டிகிரி செல்சியஸுக்கு மேல் போய் அங்கேயே நின்றால் நோய்க்கிருமியும் களைவிதையும் சாகும். மூடிய தொட்டியில் 3 நாள். திறந்தவெளி வரிக் குவியலில் 15 நாள், அதற்குள் 5 முறை புரட்டல். அமெரிக்காவில் கழிவுநீர்ச் சேற்றுக்கென்று எழுதப்பட்ட இந்த அளவையே உணவுக்கழிவுக்கும் பலர் பின்பற்றுகிறார்கள்.

கலவை விகிதம்தான் இதில் உயிர்நாடி. கார்பன் 25 முதல் 30 பங்குக்கு நைட்ரஜன் 1 பங்கு, ஈரம் 50 முதல் 60 விழுக்காடு. உணவுக்கழிவில் முக்கால்வாசி தண்ணீர். கார்பன் 15, 16 பங்குதான் இருக்கும். காய்ந்த சருகில் 50க்கு மேல். 100 கிலோ கழிவோடு ஏறக்குறைய 40 கிலோ சருகு சேர்த்தால் இரண்டு அளவும் ஒருசேர வந்து நிற்கும். தராசு கைவசம் இல்லாத நாளில் ஒரு வாளி கழிவுக்கு இரண்டரை வாளி சருகு என்று போடலாம்.

இப்போது மறைந்திருக்கும் செலவைப் பாருங்கள். ஆண்டுக்கு 220 நாள் விடுதி இயங்கினால் 40 கிலோ வீதம் 8,800 கிலோ சருகு வேண்டும். தளர்வாகக் கொட்டினால் அது 100 கன மீட்டரைத் தாண்டும். நடுத்தர வகுப்பறை ஒன்றைத் தரையிலிருந்து கூரைவரை நிரப்பிவிடலாம். இலை உதிரும் மாதங்களில் பெருக்கி, அரைத்து, மழை படாமல் கூரைக்குள் அடுக்கி வைக்காத வளாகத்தில், சருகு தீர்ந்த வாரத்திலிருந்து வெறும் உணவு மட்டும் குவியலுக்குப் போகும். நாற்றம் என்று புகார் வருவதும் அந்த வாரம்தான். அரைக்கும் இயந்திரமும் கூரைக் கொட்டகையும் சேர்த்துத்தான் இந்த வழியின் உண்மையான விலை.

இடம்: ஒவ்வொன்றும் 1.5 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் உயரம் உள்ள தொட்டிகள். வாரம் ஒன்று நிரம்பும். சூடேறி அடங்க 5, 6 வாரம், பிறகு முதிர இன்னும் 6 முதல் 8 வாரம். குவியல் பாதியாகச் சுருங்குவதால் முதிர்ச்சிக்கு இரண்டு தொட்டியை ஒன்றாக்கலாம். ஆக 10 தொட்டி இருந்தால் நெருக்கடி வராது. 1 கன மீட்டருக்குக் குறைந்த குவியல் சூட்டைப் பிடித்து வைக்காது. சின்னச் சின்னப் பீப்பாய்களில் சமைத்த உணவைப் போட்டு மாதக்கணக்கில் காத்திருப்பது வீண்.

அரை மீட்டர் தண்டுள்ள வெப்பமானி ஒன்று கட்டாயம் வேண்டும். 65 டிகிரியைத் தாண்டினாலோ 45க்குக் கீழே வந்தாலோ புரட்டுங்கள். ஈரத்தைப் பார்க்கக் கையே போதும்: உள்ளே இருந்து ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு எட்டிப்பார்க்க வேண்டும். ஒழுகினால் சருகு போதவில்லை. கையைத் திறந்ததும் உதிர்ந்துவிட்டால் தண்ணீர் போதவில்லை.

மூக்கும் ஒரு கருவிதான். மூக்கைச் சுள்ளென்று குத்தும் அமோனியா நெடி என்றால் நைட்ரஜன் மிகுதி, சருகு சேர்க்கவேண்டும். அழுகிய முட்டை நாற்றம் என்றால் உள்ளே காற்று இல்லை, புரட்டவேண்டும். நாற்றமும் இல்லை, சூடும் இல்லை என்றால் பெரும்பாலும் காய்ந்துபோயிருக்கும். ஈயும் எலியும் வராதிருக்க, தினமும் கடைசியாக 10 சென்டிமீட்டர் சருகு மூடி போடுங்கள். தொட்டியின் பக்கங்களுக்கு 6 மில்லிமீட்டர் கண்ணுள்ள கம்பிவலை அடியுங்கள். அதைவிடப் பெரிய கண் என்றால் சுண்டெலி நுழைந்துவிடும்.

விடுமுறையில் இதற்கு ஒன்றும் ஆகாது என்பதே இதன் பெரிய பலம். கடைசிக் குவியலை ஒருமுறை புரட்டி மூடிவிட்டுப் போனால், திரும்பி வரும்போது பாதி முதிர்ந்திருக்கும். நாளொன்றுக்கு 50 கிலோ வீதம் ஆண்டில் 11 டன் உரம் கிடைக்கும்; 2,000 சதுர மீட்டர் தோட்டத்தில் 1 சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பலாம். தோட்டமே இல்லாத வளாகத்துக்கு அதுவே சுமை.

## மண்புழு உரம்

பார்வையாளரை அழைத்துவந்து காட்ட இதைப்போல் எதுவும் இல்லை. விடுதிக் கழிவின் முழுப் பாரத்தையும் சுமக்க இதைப்போல் பொருந்தாததும் இல்லை.

ஐசீனியா ஃபெட்டிடா என்ற செம்புழு, எல்லாம் ஒத்துவந்தால் நாளுக்குத் தன் எடையில் பாதி தின்னும். 100 கிலோவுக்கு 200 கிலோ புழு. சதுர மீட்டருக்கு 5 கிலோ என்று விட்டால் 40 சதுர மீட்டர் படுக்கை. இது தாள்மேல் கணக்கு. நடைமுறையில் பாதி வேகம் என்று வைத்து 80 சதுர மீட்டர் ஒதுக்கினால்தான் தப்பிக்கலாம். 15 முதல் 25 டிகிரி புழுவுக்குச் சுகம். 35ஐத் தாண்டினால் செத்துவிடும்.

உப்பும் எண்ணெயும் கலந்த சமைத்த உணவு புழுவின் தோலுக்கு ஆகாது. கழிவைக் கனமாகக் கொட்டினால் அதுவே சூடேறிப் புழுவை வேகவைத்துவிடும். ஒருமுறைக்கு 3 முதல் 5 சென்டிமீட்டர் கனம் போதும். அதற்கு முன்பு கழிவை 10 முதல் 15 நாள் சருகோடு வைத்துச் சூடு அடங்கவிட வேண்டும். அதாவது மேலே சொன்ன குவியல் வேலையில் பாதியை எப்படியும் செய்தாக வேண்டும். தொட்டியின் கால்களைச் சுற்றித் தண்ணீர்ப் பள்ளம் இல்லையென்றால் எறும்பு வந்துவிடும். விடுமுறையில் தீனி இல்லாமல் சில வாரம் தாங்கும், ஈரம் இல்லாமல் தாங்காது. வாரத்துக்கு இரண்டு முறை தண்ணீர் தெளிக்க ஆள் இல்லாவிட்டால் திரும்பிவரும்போது படுக்கை வெறுமையாக இருக்கும்.

உங்கள் முதல் வாளி, அதாவது சமைக்காத காய்கறிக் கழிவு, நாளுக்கு 10, 15 கிலோ தேறி, தாவரவியல் துறையோ நாற்றங்காலோ அதைப் பொறுப்பெடுத்தால் தாராளமாக வையுங்கள். உரத்தின் தரம் மிக நன்றாக இருக்கும்.

## எரிவாயுக் கலன்

காற்றில்லாத கலனுக்குள் நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைத்து மீத்தேன் தருகின்றன. சமைத்த உணவு, எண்ணெய், உப்பு எதற்கும் இது முகம் சுளிக்காது. 1 கிலோ உணவுக்கழிவுக்கு ஏறத்தாழ 0.1 கன மீட்டர் வாயு; 100 கிலோவுக்கு 10 கன மீட்டர். சமையல் எரிவாயுவில் அது 4 முதல் 5 கிலோவுக்குச் சமம். நான்கு வழிகளில் எரிபொருள் திருப்பித் தருவது இது ஒன்றே.

கலனின் அளவில்தான் முதல் தவறு நடக்கிறது. 100 கிலோ கழிவு, 100 லிட்டர் தண்ணீர், 40 நாள் தங்கல் என்றால் 8 கன மீட்டர். பல விலைப்புள்ளிகள் இந்த எண்ணோடு நின்றுவிடும். ஆனால் உணவுக்கழிவு சாணத்தைவிட மிக வேகமாகப் புளிக்கும். 8 கன மீட்டரில் நாளுக்கு 100 கிலோ என்பது கிளறும் ஏற்பாடு இல்லாத கலனுக்கு விளிம்பில் நிற்கும் சுமை. 12 கன மீட்டர் கேளுங்கள்.

தொடக்கம் பொறுமையைக் கேட்கும். சாணக் கரைசலோ, ஓடிக்கொண்டிருக்கும் வேறு கலனின் கரைசலோ நிரப்பி, சுடர் நின்று எரியும்வரை மூன்று நான்கு வாரம் காத்திருக்கவேண்டும். பிறகு முழு அளவில் பத்தில் ஒரு பங்கில் தொடங்கி வாரவாரம் கூட்டவேண்டும்.

விடுமுறை முடிந்த முதல் வாரம்தான் கலனுக்குக் கண்டம். ஆறு வாரம் பட்டினி கிடந்த கலன் சாகாது, மந்தமாகும். கல்லூரி திறந்த அன்றே 100 கிலோவைக் கொட்டினால் அமிலம் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் உடனே விழித்துக்கொள்ளும். மீத்தேன் உண்டாக்குபவை மெல்லத்தான் எழும். இடையில் சேரும் அமிலம் அவற்றை அமுக்கிவிடும். வாயு வரும், எரியாது. கரைசல் புளித்த வாடை அடிக்கும், கார அமில அளவு, அதாவது pH, 6.5க்குக் கீழே இறங்கும் (6.8 முதல் 7.4 வரை இருக்கவேண்டும்). அப்போது இன்னும் கழிவு போட்டால் வாயு கூடும் என்று நினைத்துப் போடுவதுதான் எல்லோரும் செய்யும் பிழை. தீனியை ஒரு வாரம் நிறுத்துங்கள். சோடா உப்பையோ சுண்ணாம்பையோ சிறிது சிறிதாகக் கரைத்து ஊற்றி அளவை ஏற்றுங்கள். நல்ல கரைசல் கிடைத்தால் சில நூறு லிட்டர் சேருங்கள். இந்தத் தொல்லையே வராதிருக்க, திறந்த முதல் வாரம் கால் பங்கு, அடுத்த வாரம் பாதி, மூன்றாம் வாரம் முழுதும் என்று போகவேண்டும். மீதியைப் போட வேறிடம் வேண்டுமே என்பதை இப்போதே மனதில் வையுங்கள்.

மறைந்திருக்கும் மற்ற செலவுகள்:

- நாளுக்கு 200 லிட்டர் உள்ளே போனால் ஏறக்குறைய அதே அளவு கரைசல் வெளியே வரும். சத்து மிகுந்தது, ஆனால் சாக்கடையில் விட்டால் நீர்நிலையைக் கெடுக்கும். போட நிலம் இல்லையென்றால் கலனும் வேண்டாம்.
- வாயுவின் அழுத்தம் மிகக் குறைவு. அடுப்பு 50 மீட்டருக்குள் இருப்பது நல்லது. மேலே போனால் ஊதுவிசிறி தேவைப்படும். சாதாரண எரிவாயு அடுப்பின் துளை இதற்குப் போதாது, பெரிய துளையுள்ள அடுப்பு தனியாக வாங்கவேண்டும்.
- குழாயில் ஈரம் படிந்து தண்ணீர் தேங்கும். சரிவாகப் போட்டு, தாழ்ந்த இடத்தில் வடிகால் வையுங்கள். சுடர் துடித்து அணைந்தால் முதலில் அங்கே பாருங்கள்.
- ஹைட்ரஜன் சல்ஃபைடு அடுப்பையும் வால்வையும் அரிக்கும். துருப்பிடித்த இரும்புத் தூள் நிரப்பிய குப்பி வழியாக வாயுவைச் செலுத்தினால் குறையும். தூளை அவ்வப்போது மாற்றவேண்டும்.
- கசிவைச் சோப்பு நீர் தடவிச் சோதியுங்கள். காற்றில் 5 முதல் 15 விழுக்காடு மீத்தேன் இருந்தால் பொறி பட்டதும் வெடிக்கும். நூறாண்டுக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைப்போல் ஏறத்தாழ 28 மடங்கு சூடேற்றும். ஒழுகும் கலனால் சுற்றுச்சூழலுக்கு நட்டம்தான்.
- பழுது பார்க்க யாரும் கலனுக்குள் இறங்கக்கூடாது. உள்ளே மூச்சுவிட முடியாது, இரண்டு நொடிப் பார்வைக்குக்கூட. அதற்கென்று பயிற்சியும் கருவியும் உள்ளவர்களை அழையுங்கள்.

## உலர்த்தும் இயந்திரம்

24 மணி நேரத்தில் உரம் என்று விற்கப்படுவதில் பெரும்பாலானவை கழிவை அரைத்துச் சூடாக்கி நீரை வெளியேற்றுபவை. 100 கிலோவை 30 கிலோவுக்கும் கீழே கொண்டுவந்துவிடும். நாற்றம் இல்லை, ஈ இல்லை, ஒரு மூலை போதும், விடுமுறையில் சுவிட்சை அணைத்துவிட்டுப் போகலாம்.

ஆனால் 70 கிலோ நீரை ஆவியாக்க இயற்பியல் கேட்கும் குறைந்தபட்ச ஆற்றல் 44 கிலோவாட் மணி, அதாவது 44 யூனிட். வெப்ப இழப்பும் மோட்டாரும் சேர்ந்தால் இன்னும் ஏறும். இதே 100 கிலோ கலனில் போயிருந்தால் 60 யூனிட்டுக்குச் சமமான வெப்பத்தைத் தந்திருக்கும். வளாகத்தின் மின்கட்டணத்தைக் குறைக்க ஒரு குழு உழைக்க, இன்னொரு குழு இதை வாங்கிவைத்தால் கணக்கு நேராகாது.

இன்னொன்று, வெளிவருவது உலர்ந்த உணவு, உரமன்று. வாங்குமுன் சோதித்துப் பாருங்கள்: ஒரு பிடித் தூளை நனைத்து, கண்ணாடிப் புட்டியில் மூடி மூன்று நாள் வைத்துத் திறங்கள். மண் வாசனை வந்தால் சரி. நாறினால் அது மக்கவே தொடங்கவில்லை. செடிக்குப் போட்டால் பூஞ்சை பிடிக்கும், வேர் கருகும். அப்படிப்பட்ட தூளை மறுபடியும் சருகுக் குவியலில்தான் முடிக்கவேண்டும்.

நிலமே இல்லாத நகர நடுவிலுள்ள வளாகம், அந்தத் தூளை எடுத்துப்போய் முறையாக மக்கவைக்க ஒப்புக்கொண்ட வெளியாள், இரண்டும் இருந்தால் இது நியாயமான தேர்வு. இல்லையென்றால் கழிவைப் பிரித்து நகர நிர்வாகத்தின் உரக்கூடத்துக்கு நேரே கொடுப்பது மலிவு. போகும் இடத்தில் உண்மையிலேயே மக்குகிறதா என்று மட்டும் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள்.

## ஒரே பார்வையில்

| | சருகோடு மக்கல் | மண்புழு | எரிவாயுக் கலன் | உலர்த்தும் இயந்திரம் |
|---|---|---|---|---|
| சமைத்த உணவு | ஏற்கும், சருகு போதுமானால் | ஏற்காது | நன்றாக ஏற்கும் | ஏற்கும் |
| கூடவே வேண்டியது | நாளுக்கு 40 கிலோ சருகு | நிழல், முன்மக்கல் | தண்ணீர் 100 லிட்டர், கரைசலுக்கு நிலம் | 44 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் |
| இடம் | 10 தொட்டி, சருகுக் கொட்டகை | 80 சதுர மீட்டர் படுக்கை | 12 கன மீட்டர் கலன் | ஒரு சிறு அறை |
| நீண்ட விடுமுறையில் | தானே முதிரும் | ஈரம் காக்க ஆள் வேண்டும் | மந்தமாகும், மெல்லத் தொடங்கவேண்டும் | அணைத்துவிடலாம் |
| வழக்கமான தோல்வி | சருகு தீர்தல் | சூடு, உப்பு, எறும்பு | புளித்தல் | அரைகுறைப் பொருள் |
| கிடைப்பது | உரம் | உயர்தர உரம், குறைந்த அளவில் | 4–5 கிலோ எரிவாயுவுக்கு ஈடு, கரைசல் | உலர்ந்த தூள் |

## எந்த வளாகத்துக்கு எது

மரங்கள் அடர்ந்த, பரந்த வளாகமா? தயங்காமல் சருகுக் குவியல். தொழில்நுட்பம் எளிது, தவறு செய்தாலும் இரண்டு வாரத்தில் சரிசெய்யலாம். மரமே இல்லாமல், சமைத்த கழிவு மிகுந்து, சமையலறைக்குப் பின்னால் நிலமும் நிலையான ஊழியரும் இருந்தால் கலன். 15 டிகிரிக்குக் கீழே போகும் குளிர்காலம் நீளுமானால் கலனைச் சூடாக்கும் ஏற்பாடு இல்லாமல் அதைத் தொடாதீர்கள். வாயு பெரிதும் குறைந்துவிடும்.

சருகும் சமைத்த கழிவும் பாதிப்பாதி இருக்கும் வளாகங்களே அதிகம். அங்கே குவியல், கலன் இரண்டையும் சேர்த்து வைப்பதுதான் நாங்கள் சொல்லும் வழி. கலனை 100 கிலோவுக்குக் கட்டாதீர்கள். சமைத்த கழிவில் 60 கிலோவுக்கு மட்டும் கட்டுங்கள். 7 கன மீட்டர் போதும். காய்கறித் தோலும் விழாநாள் மிச்சமும் கல்லூரி திறந்த முதல் இரண்டு வாரத்து மிகுதியும் நாலைந்து சருகுத் தொட்டிகளுக்குப் போகட்டும். குவியல் காய்ந்த நாளில் தண்ணீருக்குப் பதிலாகக் கலனின் கரைசலையே தெளிக்கலாம். நைட்ரஜனும் கிடைக்கும், கரைசலில் ஒரு பங்குக்கு இடமும் கிடைக்கும். சூடேறும் கட்டத்தில் இருக்கும் தொட்டிகளுக்கு மட்டும் தெளியுங்கள், முதிர்ந்துகொண்டிருப்பவற்றுக்கு வேண்டாம்.